உயிர் இருக்கும்போதே வரும் இறப்புப் பணம்

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை வீடுகளில் வளர்ந்து, 1992-இல் மான்குர்டைத் தாண்டிக் கழிமுகத்தின் மேல் லோக்கல் ரயில் ஓடத் தொடங்கியபின் நவி மும்பையின் வாஷியில் சொந்த ஃபிளாட் வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இந்தக் குடும்பங்களில் ஆயுள் காப்பீடு என்ற சொல்லுக்குத் தலைமுறைக்கு ஒரு பொருள். அப்பாவிடம் இருந்தது எல்.ஐ.சி.யின் எண்டோமென்ட் பாலிசி. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இருபது, இருபத்தைந்து வருடம் கழித்துப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு தொகை வரும். பிள்ளையிடம் இருப்பது டேர்ம் பாலிசி. ஐரோலியிலோ மகாபேயிலோ வேலை, வீட்டுக் கடன், இரண்டு குழந்தைகள், ஒரு கோடிக்குக் காப்பீடு. உயிரோடு இருந்தால் காசு திரும்ப வராது, போனால் ஒரு கோடி வரும் என்று சொல்லித்தான் ஏஜென்ட் விற்றிருப்பார்.

பல டேர்ம் பாலிசிகளில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும் பிரிவு ஒன்று இருக்கிறது. பாலிசிதாரர் பிழைக்க வாய்ப்பில்லாத நோயில் விழுந்துவிட்டார் என்று மருத்துவர்கள் சான்று தந்தால், இறந்தபின் தர வேண்டிய தொகையை, முழுதாகவோ ஒரு பகுதியாகவோ, அவர் உயிரோடு இருக்கும்போதே நிறுவனம் தந்துவிடும். பாலிசித் தாள்களில் இதற்கு ‘டெர்மினல் இல்னஸ்’ பலன் என்று பெயர். இதற்கு உறவு ஒன்றும் உண்டு: ‘ஆக்சிலரேட்டட் கிரிட்டிகல் இல்னஸ்’. புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு போன்ற பட்டியலிட்ட நோய்களில் ஒன்று வந்தாலே, சாவு நெருங்கியிருக்கத் தேவையில்லாமல், இறப்புத் தொகையிலிருந்து ஒரு பங்கு முன்கூட்டியே வரும். முதலாவது பல பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் இல்லாமலே சேர்ந்திருக்கிறது. இரண்டாவதைத் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டும்.

இப்படி ஒன்று தங்கள் பாலிசியில் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் அதை இலவச இணைப்பாகத்தான் நினைக்கிறார்கள். அது இலவசம் இல்லை. முன்கூட்டி எடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் பின்னால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வர வேண்டிய ரூபாய். எடுக்கலாமா, எவ்வளவு எடுக்கலாம், யார் கையில் அது போய்ச் சேரும் என்ற மூன்று கேள்விகளையும் நோய் வந்தபின் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது. நல்ல உடம்போடு இருக்கும்போது, பாலிசியை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு பேச வேண்டிய விஷயம் இது.

இந்த ஏற்பாடு பிறந்த கதை ஒரு மரணப்படுக்கை இல்லத்தில் தொடங்குகிறது. 1988-இல் கனடாவின் டொராண்டோ நகரில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ‘கேஸி ஹவுஸ்’ திறக்கப்பட்டது. அப்போது எய்ட்ஸுக்குச் சரியான மருந்து கிடையாது. வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வேலை போய், சேமிப்பு கரைந்து, வீட்டு வாடகைகூடத் தர முடியாத நிலை. ஆனால் பலரிடம் ஆயுள் காப்பீடு இருந்தது. தாங்கள் இறந்தால் யாருக்கோ பெரிய தொகை போகும், இருக்கும்வரை தங்களுக்கு மருந்துக்கும் வழியில்லை. கனடாவின் புருடென்ஷியல் நிறுவனத் தலைவராக இருந்த ரான் பார்பரோ அந்த இல்லத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தபின், இறப்புத் தொகையை உயிரோடு இருக்கும்போதே தரும் திட்டத்தை முன்வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அது அமெரிக்காவிலும் பரவியது. 1996-இல் அமெரிக்கச் சட்டம், 24 மாதங்களுக்குள் இறக்கக்கூடியவர் என்று மருத்துவர் சான்றளித்தவருக்கு இப்படி வரும் பணத்துக்கு வருமான வரி இல்லை என்று சொல்லிவிட்டது.

இன்னொரு கிளை தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. 1967 டிசம்பரில் கேப் டவுனில் நடந்த உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சைக் குழுவில் இருந்தவர் மாரியஸ் பர்னார்ட். கிறிஸ்டியான் பர்னார்டின் தம்பி. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தவர்கள் பணக் கஷ்டத்தில் நொடித்துப்போவதைப் பார்த்துப் பார்த்து, நோய் வந்ததுமே பணம் தரும் காப்பீடு ஒன்றை அவர் வடிவமைத்தார். 1983-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகம் முழுவதும் விற்கும் கிரிட்டிகல் இல்னஸ் பாலிசிகளுக்கு அதுதான் மூலம்.

இந்தியாவுக்கு இது தனியார் நிறுவனங்களோடு வந்தது என்று நினைப்பவர்கள் தங்கள் அப்பாவின் பழைய பாலிசிக் கட்டைப் பிரித்துப் பார்க்கலாம். தொண்ணூறுகளில் எல்.ஐ.சி. ‘ஆஷா தீப்’ என்று ஒரு திட்டம் விற்றது. புற்றுநோய், நிரந்தர ஊனம் தரும் பக்கவாதம், இரு சிறுநீரகமும் செயலிழத்தல், பைபாஸ் அறுவை சிகிச்சை வரை போன இதயநோய் ஆகிய நான்கில் ஒன்று வந்தால், காப்பீட்டுத் தொகையில் பாதி உடனே வரும். அடுத்த ஆண்டிலிருந்து, முதிர்வு வரையிலோ இறக்கும் வரையிலோ, ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரும். அதற்குமேல் பிரீமியம் கட்ட வேண்டாம். மீதிப் பாதி, சேர்ந்த போனஸோடு, இறந்தாலோ முதிர்ந்தாலோ வரும்.

இன்றைக்குச் சந்தையில் இருக்கும் பலவற்றைவிட இந்தப் பழைய திட்டத்தின் மனசு பெரியது. நோயாளிக்கு உடனே ஒரு தொகை, நோய் நீண்டால் ஆண்டுதோறும் ஒரு வரும்படி, குடும்பத்துக்கு ஒதுக்கிவைத்த பாதி: மூன்றும் அதில் தனித்தனியாக நின்றன. நோயாளியின் தேவை குடும்பத்தின் பங்கைத் தின்றுவிடாதபடி நடுவே ஒரு சுவர் இருந்தது. தொகைகள் இன்றைய கணக்கில் சின்னவை. ஆனால் அமைப்பு சரியான அமைப்பு. இன்று ஒருவர் டேர்ம் பாலிசியும் அதோடு இணைக்கும் கூடுதல் பலனான ரைடரும் எடுக்கும்போது அந்தச் சுவரைத் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்படி என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வாஷியில் நாற்பது வயதுக்காரர் ஒருவர். ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி. வீட்டுக் கடனில் இன்னும் 45 லட்சம் பாக்கி. அவர் முப்பது லட்சத்துக்கு ‘ஆக்சிலரேட்டட்’ நோய்ப் பலன் சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புற்றுநோய் வந்து முப்பது லட்சம் வாங்கிவிட்டால், மிச்சம் எழுபது. அவர் காலமானபின் கடனை அடைத்தால் குடும்பத்துக்கு நிற்பது 25 லட்சம். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் மனைவியின் மீதி வாழ்வும் அந்த 25-இல் அடங்க வேண்டும். அதே முப்பது லட்சத்தை ‘கூடுதல்’ ரைடராக, அதாவது மூலத் தொகையைத் தொடாத வகையாக எடுத்திருந்தால், நோய்க்கு முப்பதும் வரும், ஒரு கோடியும் அப்படியே இருக்கும். பிரீமியம் கூடும், உண்மைதான். முதல் வகையில் இருப்பது ஒரே பானைச் சோறு: நோயாளிக்குப் போட்டது போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு.

விளம்பரத் தாள்கள் இந்த வேறுபாட்டைப் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. ஐசிஐசிஐ புருடென்ஷியலின் ‘ஐபுரொடெக்ட் ஸ்மார்ட்’ போன்ற திட்டங்களில் 34 நோய்களுக்கான பலன் ‘ஆக்சிலரேட்டட்’ வகை. நோய்க்குத் தந்த தொகை இறப்புத் தொகையில் கழியும். எல்.ஐ.சி.யின் நோய் ரைடர் 15 நோய்களுக்கானது. நோய்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதில் பயனில்லை, ஏனென்றால் கிளெய்ம்களில் அதிகம் வருவது புற்றுநோயும் இதயமும்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘இந்தப் பணம் ஒரு கோடியில் கழியுமா, கழியாதா?’ ஏஜென்ட் தெரிந்த முகமாக இருப்பார், சபரிமலைக்கு ஒன்றாகப் போய் வந்தவராகக்கூட இருப்பார். இருந்தாலும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி நோய் சார்ந்த ரைடரின் பிரீமியம் மூலப் பாலிசியின் பிரீமியத்தைத் தாண்டக் கூடாது; மற்ற ரைடர்கள் எல்லாம் சேர்ந்து அதில் முப்பது சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால், முன்பு 18 சதவீத வரியைப் பார்த்துப் பின்வாங்கியவர்கள் மறுபடி விலை கேட்டுப் பார்க்கலாம்.

‘டெர்மினல் இல்னஸ்’ என்ற தீராநோய்ப் பலனுக்கு வருவோம். இந்தியப் பாலிசிகள் பலவற்றில் நிபந்தனை இதுதான்: அந்த நோயில் தேர்ந்த, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு மருத்துவர்கள், நோயாளி ஆறு மாதத்துக்குள் இறக்க வாய்ப்பு மிக அதிகம் என்று சொல்ல வேண்டும். நிறுவனம் தன் மருத்துவரை வைத்தும் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க வரிச்சட்டம் 24 மாதம் என்கிறது, பிரிட்டனில் 12 மாதம் என்பது வழக்கம், இங்கே ஆறு.

ஆறு மாதம் என்று எந்த டாக்டர் எழுதித் தருவார்? இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி தரும் விடை வருத்தமானது. 2000-ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் எலிசபெத் லாமொன்ட்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிகாகோ பகுதியில் மரணப்படுக்கைக் கவனிப்பில் சேர்ந்த 468 நோயாளிகள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள் என்று அவர்களை அனுப்பிய மருத்துவர்களிடமே கேட்டார்கள். ஏறக்குறையச் சரியாகச் சொன்னவை 20 சதவீதம். 63 சதவீதக் கணிப்புகள் நோயாளி உண்மையில் வாழ்ந்ததைவிட நீண்ட ஆயுளைச் சொன்னவை. மொத்தமாகப் பார்த்தால் மருத்துவர்கள் ஆயுளை ஐந்து மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நோயாளியை நீண்ட நாள் தெரிந்த மருத்துவர்தான் அதிகம் தவறினார். அன்புதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த அன்பால், ‘ஆறு மாதம்’ என்ற சான்று கைக்கு வரும்போது உண்மையில் ஆறு வாரம்தான் மிச்சமிருக்கும். காகிதம் போய், நிறுவனம் கேள்வி கேட்டு, இரண்டாவது மருத்துவர் பார்த்து, பணம் வருவதற்குள் நோயாளி போய்விட்டிருப்பார். பிறகு அது வழக்கமான இறப்புக் கிளெய்ம்தான்.

ஆகவே இந்தப் பலனைப் பயன்படுத்த நினைக்கும் குடும்பம் நேரத்தோடு கேட்க வேண்டும். டாடா நினைவு மருத்துவமனையிலோ, வாஷிக்குப் பக்கத்தில் கார்கரில் இருக்கும் அதன் ஆய்வு மையத்திலோ சிகிச்சை நடக்கும்போது, இனி நோயை நீக்கும் சிகிச்சை இல்லை, வலியைக் குறைக்கும் சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லும் நாள் ஒன்று வரும். பாலிசித் தாளை எடுத்துக்கொண்டு போய், ‘டாக்டர், இன்ஷூரன்ஸ்ல இப்படி ஒரு சர்டிபிகேட் கேக்கறாங்க, தர முடியுமா’ என்று கேட்க வேண்டிய நாள் அதுதான். நோயாளி இன்னும் எழுந்து நடந்துகொண்டிருக்கும்போது அதைக் கேட்பது கொடூரமாகத் தோன்றும். ஆனால் படுத்தபின் கேட்டால் பயனில்லை.

இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் வருகிறது. தாராவி ஆனாலும் மாட்டுங்கா ஆனாலும் வாஷி ஆனாலும், புற்றுநோய் என்றால் தமிழ்க் குடும்பம் முதலில் செய்வது நோயாளியிடம் மறைப்பது. ‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், மனசு உடைஞ்சு போயிடும்’ என்று மகள் கெஞ்சுவாள். ஃபைலைப் பையில் ஒளித்து வைப்பார்கள். கட்டி என்பார்கள், அல்சர் என்பார்கள். நோயாளிக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது வீட்டாருக்கும் தெரியும், யாரும் வாய்திறப்பதில்லை.

ஆனால் தீராநோய்ப் பலனைக் கேட்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் நாமினி அல்ல, பாலிசிதாரர். உயிரோடு இருப்பவரின் ஒப்பந்தம் அது, பணமும் அவர் கணக்குக்குத்தான் வரும். அப்பாவிடம் சொல்லாமல் அப்பாவின் கையெழுத்தை வாங்க முடியாது. என்ன என்று சொல்லாமல் வாங்குவது ஏமாற்று. மறைப்பதா, பணத்தைக் கேட்பதா என்று குடும்பம் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சொல்லிவிடுவதே நல்லது என்று இங்கே உறுதியாகச் சொல்லலாம். தன் பணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும், யாருக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. அறிந்தவர் ‘எனக்கு இந்தக் காசு வேண்டாம், பெண்ணுக்கு இருக்கட்டும்’ என்றும் சொல்லலாம். ‘கடைசியா ஊருக்குப் போய்க் குலதெய்வத்தைப் பாத்துட்டு வரணும், ஒரு கார் ஏற்பாடு பண்ணு’ என்றும் சொல்லலாம். இரண்டும் அவர் சொல்ல வேண்டியவை.

நோய் மூளையைத் தாக்கியிருந்தால், அல்லது பக்கவாதத்தில் நினைவு தப்பியிருந்தால், கையெழுத்துப் பிரச்சினை இன்னும் கடினமாகும். கோமாவில் கிடக்கும் கணவரின் சொத்தையும் கணக்கையும் கையாளத் தன்னைப் பாதுகாவலராக நியமிக்கும்படி மனைவிகள் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்; நீதிமன்றம் நியமித்தும் இருக்கிறது. ஆனால் வக்கீல், மருத்துவக் குழு அறிக்கை, வாய்தா என்று ஆகும் காலத்தை நோய் தராது.

இவ்வளவு சிரமத்துக்கும் அந்தப் பணம் தகுமா என்றால், சில குடும்பங்களுக்கு மிகத் தகும். மெடிக்ளெய்ம் பாலிசி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். கடைசி மாதங்கள் வீட்டில் கழியும்போது ஆகும் செலவுகள் அதில் அடங்குவதில்லை: வாடகைக்கு எடுக்கும் மடக்குக் கட்டில், ஆக்சிஜன் இயந்திரம், இரவுப் பணிக்கு வரும் நர்ஸ், டயாப்பர், வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் போன சம்பளம். தீராநோய்ப் பலனுக்கு எந்தச் செலவுக்கும் பில் காட்ட வேண்டியதில்லை. மொத்தத் தொகை, எதற்கு வேண்டுமானாலும். வட்டிக்கடைக்குப் போகாமல், தாலிக்கொடியை அடகு வைக்காமல் ஒரு குடும்பம் அந்த மாதங்களைத் தாண்டினால் அதைவிடப் பெரிய பயன் ஒரு பாலிசியால் கிடைக்காது.

தகாத இடமும் உண்டு. கணக்கில் பெரிய தொகை விழுந்ததும், இனிப் பயனில்லை என்று ஒரு டாக்டர் சொன்ன சிகிச்சையை இன்னொரு ஆஸ்பத்திரி லட்சக்கணக்கில் தர முன்வரும். மறுக்கும் தைரியம் எந்த மனைவிக்கு வரும்? பணம் இல்லாதபோது ‘முடியவில்லை’ என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது. பணம் வந்தபின் அந்தக் காரணமும் போய்விடுகிறது. குடும்பத்தை முப்பது வருடம் காக்க வேண்டிய தொகை மூன்று மாதத்தில் ஐ.சி.யூ. பில்லாகப் போய்விடும் அபாயம்தான் இந்தப் பலனில் இருக்கும் எல்லா அபாயங்களிலும் பெரியது. முழுத் தொகையையும் தந்துவிட்டுப் பாலிசியை முடித்துக்கொள்ளும் திட்டங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒரு கோடி, இரண்டு கோடி என்று உச்சவரம்பு வைத்திருக்கும் திட்டங்களில், பெரிய பாலிசிக்காரர்களுக்காவது கொஞ்சம் மிஞ்சும்.

சட்டத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, நாமினியாகப் போடப்பட்ட பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோருக்கு இறப்புத் தொகை உரிமையாகவே போய்ச்சேர வழிசெய்கிறது. உயிரோடு இருக்கும்போது வாங்கி வங்கிக் கணக்கில் போட்ட பணத்தின் மிச்சத்துக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. உயில் இல்லாவிட்டால் அது வாரிசுச் சட்டப்படி பிரியும். வீட்டுக் கடனுக்காகப் பாலிசியை வங்கியின் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், முன்கூட்டி வரும் பணத்தில் முதல் உரிமை வங்கிக்கு. ஃபிளாட் வாங்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்ட தாள்களில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலிசியை வேறு யாருக்காவது விற்றுப் பணம் பண்ணலாமா என்ற கேள்வியும் இந்த நகரத்தில் எழுந்ததுதான். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளின் பாலிசிகளை முதலீட்டாளர்கள் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். நோயாளி சீக்கிரம் போனால் அவர்களுக்கு லாபம். 1996 வாக்கில் புது மருந்துகள் வந்து நோயாளிகள் பிழைத்துக்கொள்ள, அந்த வியாபாரம் படுத்தது. மும்பையில் ‘இன்ஷூர் பாலிசி பிளஸ் சர்வீசஸ்’ என்ற நிறுவனம், மக்கள் சரண்டர் செய்ய நினைத்த எல்.ஐ.சி. பாலிசிகளை வாங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. 2003-இலும் 2005-இலும் சுற்றறிக்கை போட்டு எல்.ஐ.சி. அப்படிப்பட்ட மாற்றங்களைப் பதிவு செய்ய மறுத்தது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2007-இல் நிறுவனம் வென்றது. 2015-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆதரித்தது. ஆனால் அதற்குள் சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. பாலிசி வியாபாரத்துக்காகச் செய்யும் மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம் என்று 38-ஆம் பிரிவு இப்போது வெளிப்படையாகச் சொல்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் தன் சாவுக்காகக் காத்திருப்பதை எந்த நோயாளியும் விரும்பமாட்டார் என்பதால் இது வருந்தத்தக்க இழப்பு இல்லை.

நோய்ப் பலனில் ஏமாற்றம் அதிகம் வருவது வரையறைகளால். ஆணையம் வகுத்த பொது வரையறையின்படி ‘குறிப்பிட்ட தீவிரமுள்ள புற்றுநோய்’ என்றால்தான் பணம். பரவத் தொடங்காத ஆரம்பநிலைக் கட்டிகள், சிறிய தைராய்டு புற்றுநோய், வீரியம் குறைந்த புராஸ்டேட் புற்றுநோய் போன்றவை அதில் வராது. மாரடைப்புக்கும் இதே போலத் தீவிரம் பார்ப்பார்கள். ஸ்டென்ட் வைத்தால் பல பாலிசிகளில் ஒன்றும் வராது, அல்லது ஐந்து லட்சம் போன்ற வரம்புக்குள் வரும். பாலிசி எடுத்த முதல் 90 நாளில் நோய் தெரிந்தால் பலன் இல்லை. சில ரைடர்களில் நோய் தெரிந்தபின் 30 நாள் உயிரோடு இருந்தால்தான் பணம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்திருந்தால், மூன்று ஆண்டுக்குள் நிறுவனம் அதைக் கிளறலாம். அந்த மூன்று ஆண்டு, பாலிசி வழங்கிய நாள், புதுப்பித்த நாள், ரைடர் சேர்த்த நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணப்படும். பத்து வருடப் பழைய பாலிசிதானே என்று அசட்டையாக, நேற்றுச் சேர்த்த ரைடரில் உண்மையை மறைக்கக் கூடாது.

ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் பாலிசியை நம்பியிருப்பவர், நோய் தெரிந்ததும் ‘இனி எதுக்கு வேலை’ என்று ராஜினாமா எழுதிவிடுகிறார். வேலை போனால் அந்தக் காப்பீடும் போய்விடும். விடுப்பில் இருந்துகொண்டே மனிதவளத் துறையிடம் அந்தப் பாலிசியில் தீராநோய்ப் பலன் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

தாராவியின் தோல் பட்டறைகளிலும் இட்லிக் கடைகளிலும் உழைக்கும் திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சில் பெரும்பாலும் இடமே இல்லை. அவர்களில் பலருக்கு இருப்பது வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். இறந்தால் இரண்டு லட்சம். இருக்கும்போது ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் எளிதாகக் கிடைக்கட்டும் என்று 2021-இல் கொண்டுவந்த ‘சரல் ஜீவன் பீமா’விலும் தீராநோய்ப் பலனைச் சேர்க்கவில்லை. அதிகம் தேவைப்படுபவரிடம் இந்தப் பலன் இல்லாதது நியாயமே இல்லை. இரண்டு லட்சத்தில் ஐம்பதாயிரத்தை முன்கூட்டித் தர அரசு ஏற்பாடு செய்தால், பரேலில் இருக்கும் டாடா நினைவு மருத்துவமனைக்கு மாமியாரைத் தூக்கிக்கொண்டு அலையும் ஒரு பெண்ணுக்கு அது எத்தனை வட்டியை மிச்சப்படுத்தும்!

இறப்புத் தொகையைத் தொடுமுன் தொடக்கூடிய வேறு பணங்கள் இருக்கின்றன. அப்பா காலத்து எண்டோமென்ட் பாலிசியின் மேல் எல்.ஐ.சி.யே கடன் தரும், சரண்டர் மதிப்பில் பெரும்பகுதி வரை. வருங்கால வைப்பு நிதியில் புற்றுநோய், இதயநோய் போன்றவற்றுக்கு முன்பணம் எடுக்க விதி உண்டு. மகாராஷ்டிராவின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்தில் ஐந்து லட்சம் வரை சிகிச்சை. கடைசி நாட்களின் கவனிப்புக்குப் பாந்த்ராவில் ‘சாந்தி அவேத்னா சதன்’ இருக்கிறது. 1986-இல் தொடங்கிய, நாட்டின் முதல் மரணப்படுக்கைப் பராமரிப்பு இல்லம் அது. முற்றிய புற்றுநோயாளிகளை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இவற்றையெல்லாம் தட்டிப் பார்த்தபின், மிச்சத் தேவைக்கு மட்டும் பாலிசிப் பணத்தில் கைவைக்கிற வரிசைதான் குடும்பத்துக்கு நல்லது.

தீராநோய்ப் பலனைக் கேட்டும் நிறுவனம் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். நவி மும்பைக்காரர்கள் மனு கொடுக்க வேண்டியது தானே நகரில் இருக்கும் ஓம்பட்ஸ்மேன் அலுவலகத்தில். தேவையான தாள்கள் எல்லாம் கிடைத்து மூன்று மாதத்துக்குள் அவர் தீர்ப்புத் தர வேண்டும், தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். முப்பது நாளையும் மூன்று மாதத்தையும் கூட்டினால், ‘ஆறு மாதம்’ என்று சான்று வாங்கிய நோயாளிக்கு அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. அதனால் மனுவோடு மருத்துவச் சான்றுகள், பாலிசி நகல், மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் முதல் நாளே முழுதாகச் சேர்த்துத் தர வேண்டும். நோயாளியின் நிலையைச் சொல்லி விரைவாக எடுத்துக்கொள்ளும்படி மனுவிலேயே கேட்க வேண்டும். இடையில் அவர் காலமாகிவிட்டால், அதே நிறுவனத்திடம் நாமினி இறப்புக் கிளெய்ம் போட வேண்டும். முன்பு மறுத்த அந்தத் தொகை, அப்போது முழு இறப்புத் தொகையின் பகுதியாக நாமினிக்கே வரும்.